இரவில் நாலு தடவை எழும்பும் டீச்சருக்கு: எல்லாப் பழியையும் யோசனையின் மேல் போடாதீர்கள்

திருகோணமலை உப்புவெளிப் பக்கத்திலிருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. வயது 53. கணவர் இறந்து மூன்று வருடம். மகளோடு ஒரே அறையில் படுக்கிறார். ஏழெட்டு மாதமாக இரவில் மூன்று நாலு தடவை விழிப்பு வருகிறது. எட்டரைக்குப் படுத்தால் பதினொன்றரைக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு ஒரு தடவை, பிறகு மூன்று மணிக்கு. ஒவ்வொரு முறையும் சலம் கழிக்கப் போகிறார். சில இரவில் கழுத்தும் நெஞ்சும் நனைந்துபோகிற அளவுக்கு வியர்வை. மூன்று மணிக்குப் பிறகு கண் மூடுவதில்லை. போனில் நேரம் பார்ப்பதும், எத்தனை மணித்தியாலம் மிச்சம் என்று கணக்குப் பார்ப்பதும், கடைசியில் எழும்பிப் பிளேன்டீ ஊற்றிக் குடிப்பதுமாக நாலரை ஆகிவிடுகிறது.

பாடசாலை விட்டு வந்ததும் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை தூங்குகிறார். அப்படியிருந்தும் வகுப்பில் பிள்ளைகளின் பெயர் நினைவுக்கு வருவதில்லை, ஆசிரியர் அறையில் தலை சாய்கிறது. பிரஷருக்கு அம்லோடிபைனும் ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுக்கிறார். மறந்துவிடக் கூடாதென்று இரண்டையும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சேர்த்து விழுங்குகிறார். பின்னேரமானால் கணுக்கால் வீங்குகிறது. மூன்று வாரமாக மச்சாள் கொடுத்த, தூங்க வைக்கும் குளோனாசெபாம் 0.5 மில்லிகிராம் குளிசையை வாரத்தில் நாலைந்து இரவு போடுகிறார். அது இல்லாத இரவில் பிரிட்டன் குளிசை இரண்டு, அல்லது பாலில் சாதிக்காய்ப் பொடி. கடிதத்தின் அடியில், போகிற போக்கில், ஒரு வரி: "குறட்டை விடுறீங்க, இடையில மூச்சு நிண்டு பிறகு திடுக்கிட்டு இழுக்கிறீங்க எண்டு மகள் சொல்லுறாள். அது களைப்பாக்கும்."

அவர் கேட்பவை நான்கு. இது கணவரை நினைத்த யோசனைதானே? எட்டு மணித்தியாலம் தூங்காவிட்டால் மூளை கெட்டுவிடுமா? மச்சாளின் குளிசையைத் தொடரலாமா? மனநல கிளினிக்குக்குப் போனால் தெரிந்தவர்கள் பார்ப்பார்களே, வேறு வழி இல்லையா?

டீச்சர், உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். அதற்கு முன் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறேன், பயம் கொஞ்சம் குறையட்டும்.

இரவில் விழிப்பு வருவது நோயல்ல. நித்திரை ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் ஒரு கணம் விழிப்பின் விளிம்புக்கு வந்து, புரண்டு படுத்து, காலையில் அதை மறந்துவிடுகிறோம். ஆழ்ந்த நித்திரையில் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடும். அதன் பிறகு நித்திரை மெல்லியது. ஐம்பது வயதுக்குப் பின் இன்னும் மெல்லியது. உங்கள் மூன்று மணி விழிப்பு அந்த மெல்லிய பகுதியில் விழுகிறது. எட்டு மணித்தியாலம் என்பதும் சட்டமல்ல. பெரியவர்களுக்கு ஏழு மணித்தியாலமளவு என்பது பொதுவான அளவுகோல். ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும், குறையும். ஆகவே விழிப்பதையே முற்றாக நிறுத்துவது நம் நோக்கமில்லை. உங்களை எழுப்புவது எது, எழுந்த பின் திரும்பத் தூங்கவிடாதது எது என்பதைத் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் எழுப்புபவை குறைந்தது மூன்று இருப்பதாகத் தெரிகிறது. யோசனை பெரும்பாலும் எழுந்த பின் வந்து உட்காருவது. அது எழுப்பவே எழுப்பாது என்று சொல்லவில்லை. ஆனால் அதை முதல் எதிரியாக வைத்தால் மற்ற மூன்றும் தப்பிவிடும்.

முதலில் மூச்சு

மகள் சொன்னது களைப்புக் குறட்டை அல்ல. சத்தமான குறட்டை, பிறகு அமைதி, பிறகு திணறலோடு ஓர் இழுப்பு. இது நித்திரையில் தொண்டை வழி அடைபட்டு மூச்சு நிற்பதன் அடையாளம். இதைச் சல்லடை போட வைத்தியர்கள் எட்டுக் கேள்வி கேட்பார்கள்: சத்தமான குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாரேனும் பார்த்தது, உயர் குருதி அழுத்தம், அதிக உடற்பருமன், 50 வயதுக்கு மேல், தடித்த கழுத்து, ஆணாக இருப்பது. ஒவ்வொரு 'ஆம்' இற்கும் ஒரு புள்ளி. உங்கள் எடை, கழுத்தளவு தெரியாமலே ஐந்து புள்ளி வந்துவிட்டது. ஐந்தும் அதற்கு மேலும் அதிக ஆபத்துப் பிரிவு. மாதவிடாய் நிற்கும் காலத்துக்குப் பிறகு பெண்களிடம் இது கூடுகிறது. பருத்த ஆண்களின் வருத்தம் என்றுதான் பலர் நினைப்பதால் பெண்களிடம் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

இது முக்கியமாவது ஏன் என்றால், மூச்சு நிற்கும்போது குருதியில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை உங்களை அரைவிழிப்புக்கு இழுத்து மூச்சை மீட்கிறது. அடைபட்ட தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கையில் நெஞ்சுக்குள் ஏற்படும் இழுவையால் இதயம் விரிந்து ஒரு ஹோர்மோனைச் சுரக்கிறது. அது சிறுநீரகத்தை அதிகம் சலம் உண்டாக்கச் சொல்கிறது. சலம் முட்டியதால் எழும்பினேன் என்றுதான் உங்களுக்குத் தோன்றும். உண்மையில் மூச்சுத்தான் எழுப்பியிருக்கும். குளிசை போட்டும் பிரஷர் இறங்காமல் நிற்பதற்கும் இது ஒரு காரணம். கனவு நித்திரையில் தசைகள் மிகத் தளர்வதால் அடைப்பு மோசமாகும். கனவு நித்திரை கூடுதலாக வருவது இரவின் பின்பாதியில். அந்த மூன்று மணிக்கு இதுவும் ஒரு விளக்கம்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியது: நீங்கள் மல்லாந்து படுத்திருக்கும்போது மகள் போனில் ஐந்து பத்து நிமிடம் சத்தத்தோடு வீடியோ எடுக்கட்டும். வைத்தியருக்கு அது ஆயிரம் விளக்கத்துக்குச் சமம். பக்கவாட்டில் படுங்கள், மல்லாந்து திரும்பாதிருக்க முதுகுப் பக்கம் ஒரு நீளத் தலையணை வையுங்கள். எடை கூடியிருந்தால் அதில் பத்திலொரு பங்கு குறைந்தாலே பலருக்கு அடைப்புகளின் எண்ணிக்கை தெளிவாகக் குறையும். உறுதிப்படுத்துவது இரவுப் பரிசோதனை. விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவி தொடங்கி முழு நித்திரை ஆய்வு வரை அதில் படிகள் உண்டு. மணித்தியாலத்துக்கு 5 முதல் 15 அடைப்பு இலேசு, 15 முதல் 30 நடுத்தரம், 30 இற்கு மேல் கடுமை. நடுத்தரத்துக்கு மேலானால் மூக்கில் பொருத்தி மெல்லிய காற்றழுத்தம் தரும் சீபாப் இயந்திரம்தான் நல்ல சிகிச்சை. முதல் இரண்டு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். முகமூடி அளவு சரியில்லாமல் காற்றுக் கசிவதாலேயே பலர் கைவிடுகிறார்கள். அளவை மாற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று. நீங்கள் நிலாவெளி வீதியில் ஸ்கூட்டியில் போய் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். தலை சாய்கிற நாளில் அதைத் தொடாதீர்கள். பஸ்ஸோ ஓட்டோவோ, எதுவானாலும் சரி. இதில் நான் பேரம் பேசமாட்டேன்.

மச்சாளின் குளிசை

மூச்சைப் பற்றி முதலில் சொன்னதற்கு இதுதான் அவசரக் காரணம். குளோனாசெபாம் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தும். மூளை உங்களை எழுப்பி மூச்சை மீட்கும் அந்த எச்சரிக்கையையும் மந்தமாக்கும். இரவு அமைதியாகப் போனதுபோல் தோன்றும், மூச்சு மட்டும் கூடுதல் நேரம் நின்றிருக்கும். உடலில் இந்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 40 மணித்தியாலம் எடுக்கும். திங்கள் இரவு போட்டது செவ்வாய் முழுக்க இருக்கிறது, புதன் இரவு போடும்போது மிச்சத்தின் மேல் ஏறுகிறது. பிள்ளைகளின் பெயர் மறப்பதற்கு மூளை கெட்டதைத் தேட முன், இதைச் சந்தேகியுங்கள். பிரிட்டனும் அப்படித்தான். அது ஒவ்வாமைக் குளிசை. நித்திரை அதன் பக்கவிளைவு. சில நாளில் அந்தப் பக்கவிளைவு மங்கிவிடும், வாய் வறட்சியும் மறதியும் மிஞ்சும். முந்திய இரவின் குளோனாசெபாம் உடலில் மிஞ்சியிருக்க, அதன் மேல் இதையும் போடும் இரவு இனி வேண்டாம்.

ஆனால் பயந்துபோய் நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூன்று வாரம் என்பது நீண்ட காலமல்ல. என்றாலும் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு நித்திரை முன்பைவிட மோசமாகித் திரும்பும், பதற்றமும் நடுக்கமும் வரும். நீண்ட காலம் பாவித்தவர்களுக்கு வலிப்புக்கூட வரலாம். அளவைக் கூட்டாமல், இந்தக் கிழமையே வைத்தியரிடம் உண்மையைச் சொல்லி, படிப்படியாகக் குறைக்கும் அட்டவணை ஒன்றை எழுதி வாங்குங்கள். மச்சாள் தந்தது என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். இந்த ஊரில் அரைவாசிக் குளிசை அப்படித்தான் கைமாறுகிறது. குளிசை அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள். மச்சாளுக்கு அது எதற்கு எழுதப்பட்டது என்பதும் யோசிக்க வேண்டியதுதான். அவர் உங்களுக்குத் தருவதால் அவருடைய கணக்கும் குழம்பும்.

சாதிக்காய் ஒரு சிட்டிகை தீங்கில்லை. பெரிய பயனும் இல்லை. ஒரு தேக்கரண்டியளவுக்குப் போனால் நெஞ்சுப் படபடப்பும் மனக்குழப்பமும் வரும். படுக்கப் போகும்போது ஒரு கிளாஸ் பாலில் அதைக் கரைத்துக் குடிப்பது இரவில் இன்னொரு நடையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான்.

சலக் கணக்கு

மூன்று நாளைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பழைய அளவுக் குவளை ஒன்றைக் குளியலறையில் வையுங்கள். 24 மணித்தியாலமும் எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று குறியுங்கள், குடித்ததையும் குறியுங்கள். பாடசாலை நாளில் இது முடியாத காரியம், ஆகவே சனி, ஞாயிறோடு ஒரு விடுமுறை நாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். படுத்த பின் கழித்ததையும் காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சலத்தையும் கூட்டினால் அது இரவுக் கணக்கு. முழு நாளும் 1500 மில்லிலீற்றர், அதில் இரவு 600 என்றால் 40 சதவீதம். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் உடல் இரவில் அதிகம் சலம் உண்டாக்குகிறது என்று பொருள். அப்படியில்லாமல் ஒவ்வொரு முறையும் 100 மில்லிலீற்றரும் வராவிட்டால், பை நிறையாமலே போகிறீர்கள்: விழிப்பு முதலில், சலம் பிறகு. அல்லது கிருமித் தொற்று, மாதவிடாய் நின்ற பின் வரும் பிறப்புறுப்பு வறட்சி போன்ற வேறு காரணம் இருக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் இந்தக் குவளை வேலை.

உங்கள் கணக்கு முதல் வகையில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் சலம் போகச் செய்யும் 'தண்ணிக் குளிசை'யை இரவில் விழுங்குகிறீர்கள். ஹைட்ரோகுளோரோதயசைட் வழமையாகக் காலையில் எடுக்க வேண்டியது. போட்ட பின் பல மணித்தியாலம் வேலை செய்யும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் உங்கள் பதினொன்றரையும் ஒன்றரையும் எங்கிருந்து வருகின்றன என்று விளங்கும். கிளினிக்கில் கேட்டு அதைக் காலைக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம். அம்லோடிபைன் கணுக்காலை வீங்கச் செய்யும் மருந்து. பகல் முழுக்க நின்று படிப்பிக்கும் உங்கள் காலில் தேங்கிய நீர், படுத்ததும் குருதிக்குத் திரும்பிச் சலமாகிறது. பாடசாலையால் வந்து நாலு, ஐந்து மணியளவில் ஒரு மணித்தியாலம் காலைத் தலையணைமேல், நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு கொப்பி திருத்துங்கள். அந்த நீர் படுக்குமுன் வெளியேறிவிடும். வீக்கம் அதிகமென்றால் மருந்தை மாற்றவும் முடியும். நீங்களாகப் பிரஷர்க் குளிசையை நிறுத்துவது மட்டும் கூடாது.

தண்ணீரைக் குறைக்கச் சொல்லமாட்டேன். கச்சான் காற்று அடிக்கும் ஆடி, ஆவணியில் திருகோணமலையில் தண்ணீரைக் குறைத்தால் தலைசுற்றி விழுவீர்கள். பகலில் நன்றாகக் குடியுங்கள், படுக்க மூன்று மணித்தியாலத்துக்கு முன் நிறுத்துங்கள். இரவுச் சோற்றுக்குக் கருவாடும் ஊறுகாயும் வேண்டாம். உப்பு கூடினால் தாகமும் கூடும், இரவுச் சலமும் கூடும், பிரஷரைச் சொல்லவே தேவையில்லை.

வியர்வையைப் பற்றி: உங்கள் வயதில் மாதவிடாய் மாற்றத்தின் வெப்ப அலை முதல் சந்தேகம். சில நிமிடம் கொதித்துவிட்டு அடங்கும், பிறகு குளிரும். இதற்கு ஹோர்மோன் சிகிச்சையும் ஹோர்மோன் அல்லாத மருந்துகளும் உண்டு. பிரஷர் இருப்பதால் உங்களுக்கு எது ஏற்றது என்பதைப் பெண்நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும். கூடவே எடை குறைவு, காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் விடாதீர்கள். கூரைத் தகடு பகலில் குடித்த வெயிலை இரவு பத்து மணி வரை கக்கும் வீடானால், அந்த நேரம் வரை விறாந்தையில் இருந்துவிட்டு அறைக்குப் போவது நல்லது. படுக்க ஒரு மணித்தியாலத்துக்கு முன் இளஞ்சூட்டு நீரில் குளித்தால் தோலின் குருதிக் குழாய்கள் விரிந்து உள்ளுடல் வெப்பம் இறங்கும். நித்திரைக்கு அது உதவும். இரவில் குளித்தால் தடிமன் பிடிக்கும் என்பது வீட்டுப் பயம்; தடிமன் வைரஸால் வருவது.

கட்டிலில் கிடக்கும் நேரம்

எட்டரை முதல் நாலரை வரை எட்டு மணித்தியாலம் கட்டிலில். தூங்கியது உங்கள் கணக்கிலேயே ஐந்தரை. அதாவது கட்டில் நேரத்தில் 69 சதவீதம்தான் நித்திரை. 85 இற்கு மேல் இருப்பது நல்லது. இதோடு பகலில் ஒன்றரை மணித்தியாலம். உடல் சேர்க்க வேண்டிய நித்திரைப் பசியைப் பகலில் செலவழித்துவிட்டு, இரவில் சீக்கிரம் படுத்து மிச்சத்தையும் நீட்டி மெல்லியதாக்குகிறீர்கள். எட்டரைக்குப் படுப்பது களைப்பைப் போக்கும் என்று நினைத்தீர்கள். அது விழித்துக் கிடக்கும் நேரத்தைத்தான் கூட்டியது.

நித்திரையின்மைக்கு உலகெங்கும் முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது குளிசை அல்ல, நித்திரைப் பழக்கங்களையும் அதைப் பற்றிய எண்ணங்களையும் மாற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதன் முதுகெலும்பே கட்டில் நேரத்தைச் சுருக்குவது. வழமையாகத் தூங்கும் அளவுக்கே, அதாவது ஐந்தரை மணித்தியாலத்துக்கே, சுருக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அவ்வளவு கடுமையாக வேண்டாம். மூச்சுப் பரிசோதனை முடியாமல், ஸ்கூட்டியும் ஓட்டிக்கொண்டு நித்திரையை மேலும் சுருக்குவது ஆபத்து. வலிப்பு நோய், மனவெழுச்சி நோய் (பைபோலார்) உள்ளவர்களும் இதைத் தாங்களாகச் செய்யக் கூடாது. இப்போதைக்கு இரவு பத்து முதல் நாலரை வரை, ஆறரை மணித்தியாலம். நாலரைக்கு எழும்பும் உங்கள் பழக்கத்தைப் போயா நாளிலும் சனி ஞாயிறிலும் மாற்றாதீர்கள். உங்களிடமிருக்கும் நல்ல பழக்கம் அது ஒன்றுதான் என்று சொன்னாலும் கோபிக்கமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் படுத்த நேரம், தூங்கியதாக நினைக்கும் நேரம், விழிப்புகள், எழுந்த நேரம் நாலையும் காலையில் எழுதுங்கள், இரவில் அல்ல. ஒரு வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்த வாரம் மீண்டும் பாருங்கள்.

முதல் வாரம் பகலில் களைப்புக் கூடும். அங்கேதான் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள்.

பகல் தூக்கம் தேவைப்பட்டால் மூன்று மணிக்கு முன், இருபது நிமிடம், மணி வைத்து. இரவில் விழித்துச் சுமார் இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் (மணிக்கூடு பார்க்காமல், ஒரு மதிப்பீடாக) எழும்பி ஹோலுக்குப் போங்கள். மங்கிய வெளிச்சம், அச்சில் வந்த ஏதாவது வாசிப்பு, கண் சொருகும்போது திரும்பிப் படுங்கள். கட்டிலைக் கவலைப்படும் இடமாக உடல் பழகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இது. குளியலறைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன இரவு விளக்கு இருக்கட்டும். குளிசை மயக்கத்தோடு இருட்டில் நடப்பது இடுப்பெலும்பு உடையும் வழி. போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு மலிவான மணிக்கூடு போதும்.

மூன்று மணிப் பிளேன்டீயை நிறுத்த வேண்டும். தேயிலையின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணித்தியாலமாகும். அதோடு தினமும் அந்த நேரத்துக்கு இனிப்பும் சூடும் கிடைக்குமென்று உடல் எதிர்பார்க்கவும் பழகிவிடும். பகலின் கடைசித் தேநீர் மதியச் சாப்பாட்டோடு முடியட்டும். சாப்பாட்டோடு தேநீர் இரும்புச்சத்தைத் தடுக்கும் என்பதால் ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் இன்னும் நல்லது. படுத்ததும் கால் குறுகுறுத்து அசைக்க வேண்டும் போலிருந்தால், இரும்புக் குறைவை நிச்சயமாகப் பார்க்க வேண்டும். இதை வாசிக்கும் ஆண்களுக்கு இடையில் ஒரு சொல்: சாராயம் தூங்க வைக்கும், ஆனால் இரவின் பின்பாதியை உடைக்கும், குறட்டையைக் கூட்டும்.

கணவரின் நினைவு

இதைக் கடைசியில் வைத்தது அலட்சியத்தால் அல்ல. மூன்று மணிக்கு வரும் நினைவுகளுக்கு வழி உண்டு. பின்னேரம் ஆறு மணியளவில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மனதில் ஓடுவதைத் தாளில் எழுதுங்கள். செய்ய வேண்டிய காரியமானால் பக்கத்தில் அடுத்த அடி ஒன்று. இரவில் அது வந்தால் "நாளைக்கு ஆறு மணிக்கு" என்று தள்ளிவைக்கலாம். சிலருக்கு உதவும், சிலருக்கு உதவாது. இரண்டு வாரம் முயன்று பாருங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலாக எதிலும் விருப்பமில்லை, காலையில்தான் மனம் மிகக் கனக்கிறது, பசியில்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வு. விடியப்புறம் எழுப்புவது அதன் இயல்பு. யுத்த ஆண்டுகளையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் கண்ட கரை இது. பழைய காட்சி கனவில் வந்து அலறி எழும்புகிறவர்கள் இன்னும் உண்டு. அவர்களுக்கு அதற்கென்றே பேச்சுச் சிகிச்சை இருக்கிறது. நித்திரைக் குளிசை அதற்கு மருந்தல்ல. உங்கள் கடிதத்தில் இவை இல்லை. இருந்து எழுதாமல் விட்டிருந்தால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் கதைக்கலாம்.

எங்கே போவது

மனநல கிளினிக் உங்களுக்கு முதல் வாசலே அல்ல, ஆகவே அந்தக் கவலையை இப்போது ஒத்திவையுங்கள். பிரஷருக்குப் போகும் அதே மெடிக்கல் கிளினிக்குத்தான் போக வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: கிளினிக் கொப்பி, எல்லாக் குளிசை அட்டைகளும் (மச்சாளுடையதும்), நித்திரைக் கொப்பி, சலக் கணக்கு, மகளின் வீடியோ. கூட்டம் நிறைந்த கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களுக்கென்று சில நிமிடம்தான் கிடைக்கும். "நித்திரை இல்லை டொக்டர்" என்று தொடங்கினால் நித்திரைக் குளிசையோடு முடியும் வாய்ப்பு அதிகம். இப்படித் தொடங்குங்கள்: "நித்திரையில் மூச்சு நிற்பதை மகள் பார்த்திருக்கிறாள், வீடியோ இருக்கிறது. இரவில் மூன்று தடவை சலம் போகிறது, தண்ணிக் குளிசையை இரவில் போடுகிறேன். மூன்று வாரமாகக் குளோனாசெபாம் எடுக்கிறேன்." மூன்று வசனம், போதும்.

வெறும் வயிற்றுச் சீனி, குருதி எண்ணிக்கையோடு ஃபெரிற்றின் (இரும்புச் சேமிப்பு), தைரொய்ட், கிரியாற்றினின் (சிறுநீரகத்துக்கு), சோடியம், பொற்றாசியம், சலத்தின் முழு ரிப்போர்ட் ஆகியவற்றைக் கேளுங்கள். தண்ணிக் குளிசை எடுப்பவருக்குக் கிரியாற்றினின், சோடியம், பொற்றாசியம் மூன்றும் எப்படியும் தேவை. மூச்சுப் பரிசோதனைக்கு சுவாச நோய் நிபுணருக்கோ, மூக்கடைப்பும் தொண்டைப் பிரச்சினையும் இருந்தால் காது மூக்குத் தொண்டை நிபுணருக்கோ கடிதம் தருவார்கள். அரச வைத்தியசாலையில் இவற்றுக்குக் கட்டணம் கிடையாது, காத்திருப்புத்தான் விலை. காத்திருக்க முடியாதென்று தனியாரில் செனல் பண்ணினாலும் அந்த ரிப்போர்ட்டுகளைக் கிளினிக் கொப்பியில் ஒட்டிவையுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு வகையாகக் குளிசை எழுதப்படுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

பின்னர் நடத்தைச் சிகிச்சைக்கு மனநலப் பிரிவின் உதவி தேவைப்பட்டால், அங்கே நீங்கள் சொல்வது உங்கள் சம்மதமின்றிப் பாடசாலைக்கோ உறவினருக்கோ போகக் கூடாது. இரகசியம் காப்பது அவர்கள் கடமை. லீவுக்கு மருத்துவச் சான்றிதழ் தேவைப்பட்டால் அதில் என்ன எழுதப்படும் என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். வரிசையில் ஆளைக் காண்பார்கள் என்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. மாவட்டப் பொது வைத்தியசாலையில் தெரிந்த முகங்கள் அதிகமென்றால், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளில் என்ன நாளில் என்ன கிளினிக் என்று விசாரித்துப் பாருங்கள்.

அடுத்த கிளினிக் திகதி ஒரு மாதம் கழித்து என்றால் அதுவரை இருக்க வேண்டாம். குளோனாசெபாமைக் குறைப்பதற்கும் தண்ணிக் குளிசையைக் காலைக்கு மாற்றுவதற்கும் இந்தக் கிழமையே வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். இதற்கிடையில் நெஞ்சு நோவு, மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறி எழுந்து உட்கார வேண்டிய நிலை, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, இவற்றில் ஒன்று வந்தாலும் 1990 இற்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம், இரவானாலும் வரும்.